முதல் பைட்டில் ஒரு சிலுவை

விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மாடிப்படிக்குக் கீழே எனக்கு ஒரு அறை இருந்தது. அறை என்று நான்தான் சொல்லிக்கொள்வேன். நிமிர்ந்தால் தலை இடிக்கும். எல்லோருக்கும் நான் ‘கம்ப்யூட்டர் சார்’. பிரின்டரில் தாள் சிக்கினாலும் கூப்பிடுவார்கள், ஏசியில் தண்ணீர் சொட்டினாலும் கூப்பிடுவார்கள். இரண்டாயிரத்துப் பத்தை ஒட்டிய வருஷங்கள். வாட்ஸப் எங்கள் பக்கம் இன்னும் வந்திருக்கவில்லை.

அந்த அறையில் நான் எழுதிய வெப் சர்வர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. திண்டிவனத்தில் ஒரு லேப், ரத்தப் பரிசோதனை முடிவுகளை அதற்கு அனுப்பும். இங்கே டாக்டர்கள் தங்கள் மேஜையிலேயே பார்ப்பார்கள். சர்வருக்கு எது வந்தாலும் அதன் தலையில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். ‘நான் எழுத்து’, ‘நான் படம்’ என்று அது சொல்லும். கன்டென்ட் டைப் என்று பெயர். நான் அந்தச் சீட்டை நம்புகிறவன் இல்லை. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் பஸ் பிடித்துப் படித்தவன். போர்டில் என்ன எழுதியிருந்தாலும் கண்டக்டரைக் கேட்காமல் ஏற மாட்டோம். என் சர்வரும் அப்படித்தான். சீட்டை ஒதுக்கிவிட்டு, வந்த பொருளின் முதல் சில பைட்டுகளைப் பார்க்கும். ஸ்கேன் செய்த படம் என்றால் தொடக்கம் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். முதலிலேயே படிக்கத் தக்க எழுத்து வந்தால் அது எழுத்து. இந்த ஏற்பாட்டில் எனக்கு ரொம்பப் பெருமை. ஒருமுறை டீக்கடையில் ஒருவருக்கு விளக்கினேன். பாதி டீயில் எழுந்து போய்விட்டார்.

ஒரு மத்தியானம் இதய டாக்டர் படியிறங்கி வந்தார். என் அறைக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவை. உள்ளே நுழைந்ததும் தலையை இடித்துக்கொண்டார்.

“திண்டிவனத்துல இருந்து ஈசிஜி அனுப்பியிருக்காங்க. என் ஸ்கிரீன்ல புழு நெளியற மாதிரி என்னவோ வருது. என்ன சார் இது?”

விஷயம் இதுதான். அங்கே மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்குகிற ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். பக்கத்து நர்சிங் ஹோமில் கிடத்தியிருந்தார்கள். டியூட்டி டாக்டர் ஒரு சின்னப் பெண். ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி தயாராக இருந்தது. மாரடைப்பு என்றால் உடனே போட வேண்டும். வேறு ஏதாவது என்றால் போடவே கூடாது; உள்ளே ரத்தம் கசிந்து ஆளே போய்விடலாம். ஈசிஜியைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் என் எதிரில் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

“போன்ல கேட்டுச் சொல்ல முடியாதா சார்?”

“அந்தப் பொண்ணு ஒரு தடவை கோடு ஏறியிருக்குங்குது, இன்னொரு தடவை ஏறலைங்குது. நான் கண்ணால பார்க்கணும்.”

நர்சிங் ஹோமை ஒட்டித்தான் அந்த லேப். அதன் முதலாளியைக் கூப்பிட்டேன். தன் கம்ப்யூட்டருக்கான புரோகிராமைத் தானே எழுதிக்கொண்ட மனிதர். அதுவரை எழுத்தாக ரிப்போர்ட் மட்டும் அனுப்பியவர், ஈசிஜியை ஸ்கேன் செய்து அனுப்பியது அன்றுதான் முதல்.

“இங்க ஜம்முனு தெரியுதே சார்!”

“இங்கே தெரியலை. ஜல்தியா இன்னொரு தடவை அனுப்புங்க.”

“அனுப்பிக்கினு இருக்கேன்... இருங்க... போச்சு சார். கரண்ட்டு போச்சு.”

“இன்வெர்ட்டர்?”

“ரிப்பேருக்குப் போய்க்கீது.”

அவருக்குப் பின்னால் ஒரு பெண் குரல் கேட்டது. மூட்டை தூக்குகிறவரின் மனைவி. “இன்னா சொல்றாங்கண்ணா? ஊசி போடலாமாமா?”

டாக்டருக்கும் அது கேட்டது. நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினேன்.

இனி புதிதாக எதுவும் வராது. வந்ததை வைத்துத்தான் பார்க்க வேண்டும். அனுப்பிய பொருள் அப்படியே சர்வரில் இருந்தது. என் சர்வர் அதற்கு ‘எழுத்து’ என்று முத்திரை குத்தி, படத்தை எழுத்தாக வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தது. ஏன்? திறந்தேன். தலையில் புள்ளி வைத்த ஆங்கில எழுத்துகளும் கட்டங்களுமாகக் குப்பை. எல்லாவற்றுக்கும் மேலே, தனி வரியில், ஒரு பிளஸ்.

எதோடு எதைக் கூட்டச் சொல்கிறது? மேலும் கீழும் உருட்டிப் பார்த்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. எனக்கே ஏதாவது ஆனாலும் இதய டாக்டர் பக்கத்திலேயே நிற்கிறார், வசதிதான் என்று தோன்றியது. அந்த நேரம் பார்த்து எங்கள் முறையும் வந்தது. விளக்கு அணைந்து யுபிஎஸ் கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. ஜெனரேட்டர் லைன் என் அறைக்குக் கிடையாது.

“மேல ஒரு பிளஸ் இருக்கே, உங்க ஸ்கேனர் போடுதா?” என்று போனில் கத்தினேன்.

“பிளஸ்ஸா? அது சிலுவை சார்.”

“என்னது?”

“சிலுவை சார். என் புரோகிராம் எந்த ஃபைலைத் தொடங்கினாலும் மேல ஒரு சிலுவை போட்டுட்டுதான் தொடங்கும். நோட்டுல போடுவோமில்ல, அந்த மாதிரி.”

நானும் அந்தக் கூட்டம்தான். பள்ளிக்கூடத்தில் சிலுவை போடாமல் ஒரு பக்கம் தொடங்கியதில்லை. பதில் தெரியாத பரீட்சைகளில் அதை மட்டும் போட்டுக் கொடுத்ததும் உண்டு. இத்தனை நாளும் ஒவ்வொரு ரத்த ரிப்போர்ட்டும் சிலுவையோடுதான் வந்திருக்கிறது. டாக்டர்கள் அதை லேபின் சின்னம் என்று நினைத்திருந்தார்கள். நான் ரிப்போர்ட்டுகளைப் படித்ததே இல்லை. முதல் பைட்டைப் பார் என்று சர்வருக்குச் சொன்னவன் நான்; அது பார்த்தது, படிக்கத் தக்க ஒரு குறி இருந்தது, எழுத்து என்று சொல்லிவிட்டது.

ஒரு நகல் எடுத்துச் சிலுவையை வெட்டினேன். படம் திறக்கவில்லை. டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். யுபிஎஸ்ஸின் கீச் நெருக்கமாகிவிட்டது. இன்னும் கொஞ்சத்தில் எல்லாம் அணைந்துவிடும். சிலுவை தனி வரியில் இருந்ததே! அடுத்த வரிக்குப் போகச் சொல்கிற குறிகள் கண்ணுக்குத் தெரியாமல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றையும் வெட்ட வேண்டும். ஒரு பைட் கூடுதலாகப் போனாலும் படம் செத்தது. ஒவ்வொரு குறியாக எண்ணி வெட்டினேன்.

மேலிருந்து கீழாக இளஞ்சிவப்புக் கட்டங்கள் இறங்கின. அவற்றின் மேல் கறுப்புக் கோடு.

டாக்டர் என் தோளுக்கு மேல் குனிந்தார். என் கையிலிருந்த போனை வாங்கினார். “டியூட்டி டாக்டர்ட்ட குடுங்க... போடும்மா. இப்பவே போடு. நான் லைன்லயே இருக்கேன்.”

கம்ப்யூட்டர் அணைந்தது. இருட்டில் அவர் என் ஸ்டூலில் உட்கார்ந்து போனைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்தார். நான் குனிந்தே நின்றேன். அந்தப் பக்கம் யாரோ ஓடுகிற சத்தம், இரும்புக் கட்டில் இழுபடுகிற சத்தம். வெகு நேரம் அவ்வளவுதான். பிறகு அந்தச் சின்ன டாக்டரின் குரல் எனக்கே கேட்டது: “வலி குறையுதுங்கறார் சார்.” டாக்டர் எழுந்தார், மறுபடியும் தலையை இடித்துக்கொண்டார், திட்டவில்லை. “முதல்ல அந்தச் சிலுவையை எடுக்கச் சொல்லுங்க” என்றுவிட்டுப் போனார்.

சாயங்காலம் லேப் முதலாளியே கூப்பிட்டார்.

“ஆளு நல்லாக்கீறாரு சார். பாண்டிக்கு இட்டுக்கினு போயிருக்காங்க. அந்தச் சிலுவையால உங்களுக்குப் பெரிய பேஜாராப் போச்சு. எடுத்துடட்டுமா?”

“வேணாம். இருக்கட்டும்.”

“உங்களுக்காகவும் வேண்டிக்கிறேன் சார்.”

பக்தி என்று நினைத்துக்கொண்டார். பயம். தானே கற்றுக்கொண்டு ஒருவர் எழுதிய புரோகிராம் அது. ஒரு வரியை உருவினால் வேறு எது சரியும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அடுத்த ஈசிஜி யாருடையதோ. அதனால் என் சர்வரில்தான் கை வைத்தேன். முதல் பைட்டைப் பார்க்கும் முன், சிலுவை இருந்தால் அதையும் அந்த வரியையும் தாண்டிப் பார். அடுத்து எந்த லேப் வந்து சேருமோ என்று யோசித்து, பிள்ளையார் சுழியையும் 786-ஐயும் சேர்த்துவைத்தேன்.

மறுநாள் வராந்தாவில் டாக்டர் நிறுத்திக் கேட்டார். “எடுக்கச் சொல்லிட்டீங்களா?”

“சரி பண்ணிட்டேன் சார்” என்றேன். கேட்டதற்கு அது பதில் இல்லை. அவர் அதைக் கவனிக்கவில்லை.