தேதி போடாத தாள்

ஐயா ஒரு நாளும் மந்திரியாக இருந்ததில்லை. தேர்தலில் நின்றதுகூட இல்லை. ஆனால் நாட்டில் எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்ததும், ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் திறந்ததும், மூன்று பிரதமர்கள் வந்ததும் போனதும் அவருடைய மாடி அறையில் முடிவான காரியங்கள். அத்தனையையும் தட்டச்சு செய்தவள், எல்லோரும் டைப்பிஸ்டம்மா என்று கூப்பிட்ட அவள்தான். இருபத்தாறு வருஷம்!

“நாட்டையே டைப் அடிக்கிறா, வீட்டுக்கு ஒரு மளிகை லிஸ்ட் எழுத மாட்டேங்கிறா” என்று கண்டக்டர் கணவர் கிண்டலடிப்பார். அவளுக்கு உள்ளூரப் பெருமைதான். ஏன் இருக்காது?

ஐயாவிடம் ஒரு பழக்கம். யார் மந்திரியானாலும், பதவியேற்புக்கு முதல் நாள் மாடியேறி வந்து ஒரு வெற்றுத்தாளின் அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். தாள் இரும்பு பீரோவில் கிடக்கும். மந்திரி வாலாட்டினால் ஐயா அதை எடுத்து அவளிடம் நீட்டுவார்.

“தேதி போட்டுடும்மா.”

அவ்வளவுதான். கையெழுத்துக்கு மேலே ராஜினாமாவை அடித்து, உச்சியில் அன்றைய தேதியைப் போடுவாள். இருப்பதோ ஒரே தாள். ஓர் எழுத்துப் பிசகினாலும் பாழ். மூச்சைப் பிடித்துக்கொண்டு அடிப்பாள். ஒன்பது மந்திரிகளை அப்படி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள், மகராசி, சிரித்துக்கொண்டே.

போன மாதம், தாளில் கையெழுத்துப் போட மறுத்த ஒரு மந்திரியைக் கவிழ்க்க, ஐயா ஒரு ரகசியக் கோப்பின் நகலைக் கொடுத்து, பத்திரிகைக்காரரிடம் சேர்க்கச் சொன்னார். “உன்னை விட்டா நான் யாரம்மா நம்புவேன்?” என்றார். சேர்த்தாள். செய்தி வந்தது, பத்தாவது மந்திரியும் காலி. ஆனால் விசாரணையும் வந்தது. நகல் ஐயா வீட்டிலிருந்துதான் போனது என்பதுவரை போலீஸ் கண்டுபிடித்துவிட்டது.

மறுநாள் காலை ஐயா பீரோவைத் திறந்து, பழுப்பேறிய ஒரு தாளை நீட்டினார்.

“ஐயாவுக்குத் தெரியாம நானே கோப்பைத் திருடிக் குடுத்தேன்னு அடி. மேல தேதி போட்டுடும்மா.”

தாளின் அடியில் குண்டு குண்டாக ஒரு கையெழுத்து. அவளுடையது! வேலைக்குச் சேர்ந்த அன்று, “எல்லாரும் போடறதுதாம்மா” என்று வாங்கி வைத்தது. அப்படி ஒன்று இருப்பதையே மறந்துபோயிருந்தாள்.

“ஐயா, என்னை ஜெயில்ல போட்டுடுவாங்களே!”

“ரெண்டே மாசம். நான் வெளிய எடுத்துடறேன். நாடு பெருசா, நீ பெருசா?”

அடப் பாவி மனுஷா! மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்து, குழந்தையை மடியில் வாங்கிப் பெயர் வைத்தவர். கணவர் விபத்தில் அடிபட்டபோது விடியவிடியக் கூட உட்கார்ந்திருந்தவர். அப்போதெல்லாம் இந்தத் தாள் பீரோவில்தானே இருந்திருக்கிறது?

தாளை மெஷினில் ஏற்றினாள். அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் அடித்தாள். கடைசியில் தேதியையும் போட்டு நீட்டினாள்.

வாசித்த ஐயாவுக்கு முகம் மாறியது.

“என்னம்மா இது, இருபத்தாறு வருஷத்துக்கு முந்தின தேதியப் போட்டிருக்கே! தாளே வீணாப்போச்சு.” பழக்க தோஷம், உடனே ஒரு வெற்றுத்தாளை எடுத்து அவள் முன்னால் தள்ளினார். “பரவால்ல, இதுல ஒரு கையெழுத்துப் போடு.”

டைப்பிஸ்டம்மா மெஷினுக்கு உறையை மாட்டினாள்.

“தேதி சரிதாங்க. நீங்க என்னைக் காட்டிக் குடுத்தது அன்னைக்குத்தான். எனக்குத்தான் இன்னைக்குத் தெரிஞ்சுது.”