பதினைந்து நிமிட இடைவேளை

பட்டியலக்காவுக்கு எங்கள் அலுவலகத்தில் ஒரே வேலைதான்: யார் எந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று எழுதுவது. கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். இருபத்திரண்டு நாடுகள் சேர்ந்த பேரவையின் தலைமை, நாட்டுக்கு ஆறு மாதம் என்று கைமாறிக் கைமாறி, பதினோரு வருஷத்துக்கு ஒருமுறை நம் வாசலில் வந்து நிற்கும்போது அந்தச் சிரிப்பு போய்விடும்.

ஆறு மாதத்தில் அறுநூற்றுச் சொச்சம் கூட்டங்கள். நாற்பத்தொரு பணிக்குழுக்கள். ஒவ்வொன்றுக்கும் நம் ஆள் ஒருவர் தலைவர். தலைவர் நடுநிலையாக இருக்க வேண்டும் என்பதால், நம் நாட்டுக்காகப் பேச நம் நாற்காலியில் இன்னொருவர். பின்னால் குறிப்பெடுக்க ஒருவர். இத்தனை பேரையும் திங்கள் காலை விமானத்தில் ஏற்றிப் பேரவை இருக்கும் ஊருக்கு அனுப்பி, வெள்ளி மாலை திரும்பக் கொண்டுவர வேண்டும். இருக்கிற ஆட்கள் கால்வாசிக்குக்கூடக் காணாது. சுங்கத்துறையில் மூன்று பேர், வனத்துறையில் இரண்டு பேர் என்று கடன் கேட்டதும் போதாமல், ஓய்வு பெற்று வீட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர்களைக்கூட அக்கா விடவில்லை. "சார், கை கால் நல்லா இருக்கில்ல? அப்ப வாங்க" என்று போனை வைத்துவிடுவார்.

இரண்டாவது முறையாக அவர் அந்தப் பட்டியலைப் போட்டபோது நான் இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தேன். முதல் முறை நடந்தது எனக்குத் தெரியாது. எங்களில் யாருக்குமே தெரியாது. பதினோரு வருஷத்தில் அந்த மாடியில் இருந்த எல்லோரும் மாற்றலாகிப் போயிருந்தார்கள். பழைய ஆள் அக்கா ஒருவர்தான்.

தலைமை தொடங்க எட்டு மாதம் இருந்தது. புதிதாகத் தலைவர் நாற்காலியில் உட்காரப் போகிறவர்களுக்கு அடுத்த அறையில் பயிற்சி. எங்களுக்கும் அந்த அறைக்கும் நடுவே பலகைத் தடுப்புதான். அங்கே தும்மினால் இங்கே கேட்கும். ஓட்டுநர்களும் தட்டச்சர்களும் ஆளுக்கொரு நாடாக உட்கார்ந்து சண்டை போட, பயிற்சிக்கு வந்தவர் சமாதானம் செய்ய வேண்டும். எங்கள் அலுவலக ஓட்டுநர் ஒருவர் ஒரு தீவு நாடாக மாறி மூன்று நாள் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அடம்பிடித்தார். அந்தச் சத்தமெல்லாம் எங்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

ஒரு நாள் காலை பதினொரு மணி இருக்கும். தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. அவசரமில்லாத, முழு வாக்கியமாக முடிகிற குரல். "மதிப்பிற்குரிய உறுப்பினர்களே, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்வோம். பதினைந்து நிமிடம்."

அக்கா எழுந்து நின்றுவிட்டார். கையில் ஸ்டேப்ளர் இருந்தது.

"என்னக்கா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு."

பயிற்சி தருகிறவரை நாங்கள் 'வாத்தியார்' என்போம். அவர் பழைய கோப்புகள் கிடந்த அறையைக் குடைந்து, முந்தைய தலைமைக் காலத்து ஒலிப்பதிவுகளைக் கண்டெடுத்திருந்தார். மீன்வளப் பணிக்குழுவின் பதினொரு சிடிக்கள். அதை நடத்திய அம்மாவை அந்தக் காலத்தில் எல்லோரும் மீனக்கா என்றுதான் கூப்பிடுவார்களாம். பெயர் மீனா இல்லை. மீன் பார்த்தவர், அவ்வளவுதான். கூட்டம் நடத்துவதில் அவருக்கு நிகர் கிடையாது என்று வாத்தியார் தினமும் அதையே போட்டார்.

பயிற்சிக்கு வந்தவர்கள் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டார்கள். வாதம் முற்றிக் கைகலப்பாகும் நேரத்தில், நொடி நேரம் நிறுத்தி, "கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்வோம்" என்று சொன்னால் அறை அடங்கிவிடும் என்று கற்றுக்கொண்டார்கள். அப்புறம் அது லிப்டில் கேட்டது, கேண்டீன் வரிசையில் கேட்டது. ஜெராக்ஸ் மெஷினில் காகிதம் சிக்கினால்கூட யாராவது ஒருவர் அதைச் சொல்வார், சிரிப்பார்கள். ஒரு பெண் அந்த நொடி நேர மௌனத்தையும் சேர்த்து அப்படியே செய்வாள். அவள் குரல் கேட்டால் அக்கா கோப்பை மூடிவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் போய் நிற்பார். நான் அதை வேலைப் பளு என்றுதான் நினைத்தேன்.

பிற்பாடு, துண்டு துண்டாக, அவரே எனக்குச் சொன்னது இது.

மீனக்காவும் அவரும் ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள். முந்தைய தலைமையின் மூன்றாவது மாதம், மீனக்கா அவர் மேசைக்கு வந்து நின்றிருக்கிறார்.

"ஏய், ரெண்டு வாரம் என்னை லிஸ்ட்ல இருந்து எடுத்துடேன்."

"ஏன், என்ன ஆச்சு?"

"மாடி ஏறினா மூச்சு வாங்குது."

"லிப்ட்ல போ."

இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள். மறுநாள் மீனக்கா ஒரு கடிதமே எழுதிக்கொண்டுவந்து கொடுத்தார். எந்தக் கடலில் யார் எவ்வளவு மீன் பிடிப்பது என்ற பேச்சு உச்சத்தில் இருந்த நேரம். மாற்றுவதற்கு ஆள் இல்லை. அடுத்த வாரம் பார்க்கலாம் என்று அக்கா கடிதத்தை டிராயரில் போட்டார். அடுத்த வாரமும் ஆள் இல்லை. அக்காவின் கூடப்பிறந்த தங்கை நர்ஸ். அக்கா வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இது என்ன மூச்சு என்று சொல்லியிருப்பார். கேட்கத் தோன்றவில்லை.

கடிதம் கொடுத்து ஐந்தாவது வாரம், வியாழக்கிழமை, காலைக் கூட்டத்தில் இடைவேளை விட்டுவிட்டு அரங்கத்துக்குப் பின்னால் இருந்த ஓய்வறையில் மீனக்கா உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. இதயம்.

"போன் வந்தப்ப நான் அழல," என்றார் அக்கா. "மறுநாள் பத்து மணிக்கு அந்த நாற்காலி காலியா இருக்குமேன்னுதான் முதல்ல தோணுச்சு. அவ பேர அடிச்சுட்டு இன்னொரு பேர எழுதினேன். நாப்பது நிமிஷத்துல முடிச்சுட்டேன். எல்லாரும் பாராட்டினாங்க."

அந்த நாற்பது நிமிஷத்தை அவர் பதினோரு வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது சிடிக்கள் தேதி வரிசையில் ஓடிக்கொண்டிருந்தன. கடைசி சிடி எந்த வியாழக்கிழமையுடையது என்று அக்காவுக்குத் தெரியும். வாத்தியாரின் பாடத் திட்டத்தில் அதற்கு 'நெருக்கடியில் கூட்டம் நடத்துவது எப்படி' என்று தலைப்பு. அக்கா போய் அவரிடம், அதை மட்டும் போட வேண்டாம் என்றார்.

"ஏன்க்கா? இருக்கறதுலயே அதுதான் நல்ல கூட்டம். அந்த அம்மாவையே ஒரு நாள் கூட்டிட்டு வந்து பேச வைக்கலாம்னு இருந்தேன். எங்க இருக்காங்க இப்ப?"

அக்கா சொன்னார். வாத்தியார் கையில் இருந்த சிடியை மெதுவாக மேசையில் வைத்துவிட்டுக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

அக்கா பதினொரு சிடிக்களையும் வாங்கிவந்தார். ஒரு வாரம் மதியம் சாப்பிடப் போகாமல், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, முதலிலிருந்து கேட்டார். முதல் ஐந்து சிடியில் இடைவேளை விடும்போது மீனக்கா எல்லோரையும் போல, "கூட்டம் பதினைந்து நிமிடம் ஒத்திவைக்கப்படுகிறது" என்றுதான் சொல்லியிருந்தார். ஆறாவது சிடியில்தான் அந்த வாக்கியம் முதன்முதலாக வந்தது. உறையில் இருந்த தேதியைப் பார்த்தார். டிராயரில் இருந்த கடிதத்தை எடுத்துப் பார்த்தார். கடிதம் கொடுத்து நாலாவது நாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு முறை, இரண்டு முறை, கடைசி சிடியில் நாலு முறை. தலைவரின் மைக் வாய்க்குப் பக்கத்தில் இருப்பது. அரங்கத்துக்குக் கேட்காதது அதற்குக் கேட்டிருந்தது. நொடி நேர மௌனம் என்று எல்லோரும் பழகிக்கொண்டிருந்த அந்த இடத்தில், ஹெட்போனில், ஒரு மூச்சு உள்ளே போக முடியாமல் திரும்பி வரும் சத்தம் இருந்தது. அந்த வாக்கியத்தை அவர் உறுப்பினர்களுக்காகச் சொல்லியிருக்கவில்லை.

மீனக்காவின் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். சாவுக்குப் போனபோது பார்த்ததோடு சரி. அந்தக் கடை இருக்கும் தெருவையே அக்கா தவிர்த்துவந்தார். ஒரு சனிக்கிழமை பிற்பகல், கடிதத்தையும் ஒரு சிடியையும் கைப்பையில் வைத்துக்கொண்டு அங்கே போனார்.

அவர் கடிதத்தைப் படித்தார். ஒரு பக்கம்தான். படித்து முடிக்க நெடுநேரம் ஆனது.

"இத உங்க கையில குடுத்தாளா?"

"குடுத்தா."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"டிராயர்ல வெச்சேன்."

அந்த நேரம் பார்த்து ஒருவர் உள்ளே வந்து, கண்ணாடிக் காலில் ஆணி கழன்றுவிட்டது என்று நீட்டினார். கடைக்காரர் சின்னத் திருப்புளியை எடுத்து ஆணியை முடுக்கி, துணியால் துடைத்துக் கொடுத்து அனுப்பினார். ஆள் போன பிறகுதான் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எங்கிட்ட சொல்லவே இல்லயே," என்றார். "தெனமும் ஒண்ணாத்தான் இருந்தோம். எங்கிட்ட சொல்லல, உங்ககிட்ட சொல்லியிருக்கா."

அக்கா சிடியை எடுத்துக் கொடுத்தார். அவர் அதைக் கடைக் கணினியில் போட்டுக் கேட்டார். ஒரு நிமிஷம்கூட இருக்காது, நிறுத்திவிட்டார்.

"இது அவ இல்ல."

"அவ குரல்தான்."

"குரல் அவளோடதுதான். ஆனா எல்லா வாக்கியமும் முடியுது பாருங்க. வீட்ல அவ ஒரு வாக்கியத்தையும் முடிச்சதே கிடையாது. 'அந்த இது இருக்கில்ல, அத அங்க'ன்னு போயிடுவா. நான்தான் தேடிக் கண்டுபிடிக்கணும்." சிடியைத் திருப்பிக் கொடுத்தார். கடிதத்தைக் கொடுக்கவில்லை. அதன் கடைசி வரியில் விரலை வைத்திருந்தார். 'இரண்டு வாரம் போதும், அதற்குள் சரியாகவில்லை என்றால் அப்புறம் நாம்' என்று அது பாதியில் நின்றிருந்தது. "இதுதான் அவ," என்றார்.

கடை வாசல் வரை வந்தார். "இனிமே வராதீங்க. கோபம்னு நெனைக்காதீங்க. உங்களப் பார்த்தா எனக்கு இதே நெனப்பா இருக்கும்."

திங்கட்கிழமை அக்கா இயக்குநரின் அறைக்குப் போனார். ஒவ்வொரு தலைவருக்கும் ஒரு மாற்று ஆள் வேண்டும் என்றார். நாற்பத்தொரு பேர்.

"ஆளுக்கு நான் எங்க போறது? மரத்துலயா காய்க்குது?" என்றார் இயக்குநர்.

"அப்ப பட்டியல்ல நான் கையெழுத்துப் போடல. வேற யாரையாவது போடச் சொல்லுங்க."

அந்தப் பட்டியலை வேறு யாராலும் போட முடியாது என்பது இருவருக்கும் தெரியும். மூன்று வாரம் இழுபறி. கடைசியில் பதினேழு பேர் கிடைத்தார்கள். அவர்களை இரண்டு மூன்று குழுவுக்கு ஒருவர் என்று பகிர்ந்தார். கூடவே ஒரு விதியும் வைத்தார்: யார் வந்து பெயரை எடுக்கச் சொன்னாலும் அன்றைக்கே எடுக்கப்படும், காரணம் கேட்கப்படாது.

ஆறு மாதத்தில் அறுபத்து மூன்று பேர் கேட்டார்கள். ஒருவர் ஜுரம் என்று சொல்லிவிட்டு மச்சினன் கல்யாணத்தில் ஆடியது படத்தோடு எங்கள் போனுக்கு வந்தது. அக்காவிடம் காட்டினோம். "பொய் சொன்னா சொல்லிட்டுப் போகட்டும். உயிரோட இருந்து சொல்றான்ல" என்றார். இதற்கு விலையும் இருந்தது. துறைமுகப் பணிக்குழுவில் மாற்று ஆளுக்கு விஷயம் பிடிபடாமல், முடிந்திருக்க வேண்டிய ஒப்பந்தம் ஒன்று கைநழுவிப் போனது. அக்காவுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. ஒரே வரியில் பதில் எழுதினார்: முடிவு என்னுடையது.

தலைமை முடிய ஒரு வாரம் இருந்தபோது, எத்தனையோ பேரை அந்த விமானத்தில் ஏற்றியவர், முதன்முறையாகத் தன் பெயரையும் பட்டியலில் எழுதிக்கொண்டார். குறிப்பெடுப்பவர்களில் ஒருவராக. நானும் அந்த வாரம் போயிருந்தேன். கூட்டத்துக்கு இடைவேளை விட்டதும் எழுந்து, அரங்கத்துக்குப் பின்னால் இருந்த நடைவழியில் போனார். பத்து நிமிடம் ஆகியும் வராததால் நான் தேடிப் போனேன்.

ஓய்வறையில் ஒரு சாம்பல் நிற சோபா, காப்பி இயந்திரம், உயரமான ஜன்னல். அரங்கப் பணியாளரான ஓர் அம்மா தட்டில் கண்ணாடி டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அக்கா உட்காராமல் நின்றுகொண்டே, மீனக்காவைப் பற்றி அவரிடம் ஏதோ கேட்டிருக்கிறார் போல. அந்த அம்மா தட்டைக் கீழே வைத்தார்.

"எனக்கு ஞாபகம் இருக்கு. பச்சை சால்வை போர்த்தியிருந்தாங்க. தண்ணி கேட்டாங்க. பாட்டில் திறக்கற சாவி அன்னைக்குன்னு பார்த்து எங்கயோ போயிடுச்சு. நான் டிராயர் டிராயரா தேடிட்டு இருந்தேன். கொண்டு வந்தப்ப..." என்று நிறுத்தினார். பிறகு, "தேடாம குழாய்த் தண்ணியப் பிடிச்சுக் குடுத்திருக்கலாம். அது இன்னைக்கு வரைக்கும் எனக்குப் போகல" என்றார். அக்காவின் முகத்தைப் பார்த்து, "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

"அவள இங்க அனுப்பினவ," என்றார் அக்கா.

அந்த அம்மா சோபாவில் ஒரு ஓரமாக உட்கார்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டினார். அக்கா கொஞ்சம் தயங்கி, உட்கார்ந்தார். அரங்கத்திலிருந்து மணி அடித்தது; கூட்டம் மறுபடி தொடங்கிவிட்டது. நான் அவருடைய குறிப்பேட்டை வாங்கிக்கொண்டு, அவர் நாற்காலிக்குப் போனேன்.