இடப்பக்கக் கொக்கி

செய்தி வந்தபோது நான் காந்திபுரத்துத் துணிக்கடையில், எங்கள் ஜீப் கூரையின் ஜன்னல்களுக்குக் கொசுவலை பார்த்துக்கொண்டிருந்தேன். "இவிய நம்மள விட்டுட்டுப் போயிட்டாங்கண்ணா" என்றார் போனில் சென்னியப்பனின் மனைவி சரசு. கடைக்காரர் எத்தனை மீட்டர் என்று கேட்டார். அளவெல்லாம் சென்னியப்பனிடம்தான் இருந்தது.

உங்களுக்கெல்லாம் அவர் கருமத்தம்பட்டியில் தறிக்கு உதிரிபாகம் செய்த பட்டறைக்காரர். உலக வரலாறு வேறு விதமாகக் குறித்துக்கொள்ளட்டும். காடுமேடெல்லாம் ஏறும் ஒரு குட்டி ஜீப்பின் தலையில், தூக்கினால் எழும்பி, இரண்டு கிழவர்கள் கால் நீட்டிப் படுக்கும் மாளிகையாக விரிகிற கூரையை வடிவமைத்த பெருஞ்சிற்பி அவர். ஆலோசகர், விமர்சகர், டீ வாங்கி வருபவர் என்ற முப்பெரும் பதவிகளை நான் வகித்தேன். ஆடியில் அந்தியூர்ச் சந்தைக்குப் போய், குதிரைகளைப் பார்த்தபடி மூன்று நாள் அதற்குள் குடியிருப்பதாகத் திட்டம்.

படுக்கையின் நீளத்தை முடிவு செய்ய, பட்டறைத் தரையில் இருவரும் மல்லாந்து படுத்து, சுற்றிலும் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டோம். பல்சக்கரம் வாங்க வந்த ஒருவர் வாசலிலேயே அலறிவிட்டார். சென்னியப்பன் படுத்தபடியே சொன்னார்: "பயப்படாதீங்க. போனாச் சொல்லிட்டுத்தானுங்க போவோம்."

கூரையைத் தூக்க, கார் டிக்கிக் கதவில் இருக்குமே, அந்தக் கேஸ் ராடு பக்கத்துக்கு ஒன்று. முதல் சோதனையில் அது எழும்பிய வேகத்துக்கு, மேலே கிடந்த என் துண்டு அவிநாசி தாண்டித்தான் இறங்கியிருக்கும். வேகத்தைக் குறைத்த பிறகுதான் பெரிய சிக்கல். கூரையை அழுத்திப் பிடித்திருக்கும் இரு பக்கக் கொக்கிகளையும் ஒரே நொடியில் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கூரை கோணிக்கொண்டு சிக்கிவிடும். அவர் வலப்பக்கம், நான் இடப்பக்கம்.

"நீங்க மொதல்ல எடுங்க" என்பார் அவர்.

"அட, பெரியவரு நீங்க எடுங்க."

"ஆறு மாசந்தானுங்க பெரியவன். நீங்களே எடுங்க."

ஒன்பது தடவை கோணியது. "நம்ம மரியாதை கூரையக் கோணலாக்கிப்போட்டுதுங்க" என்று தலையில் கைவைத்தவர், மறுநாள் ஒரு சட்டம் இயற்றினார். அவர் "வாரேனுங்க" என்பார். நான் "வாங்க" என்பேன். அந்த "வாங்க"வில் இருவரும் இழுக்க வேண்டும். கூரை மகாராஜா மாதிரி எழுந்து நின்றது.

கடைசியாகப் பார்த்த சாயங்காலமும் என் வாசலில் "வாரேனுங்க" என்றுதான் கிளம்பினார். "வாங்க" என்றேன். இருவர் கையும் பழக்கத்தில் காற்றை இழுத்தன. சிரித்துக்கொண்டே போனார்.

காரியமெல்லாம் முடிந்ததும், "தனியாளு தூக்கறாப்ல ஒரே லீவர் போட்டுரலாங்க" என்றார்கள் பட்டறையில். வேண்டாம் என்றுவிட்டேன். அதைக் கேட்டுக்கொண்டிருந்த சரசு தானே வந்து வலப்பக்கம் நின்றார். கொக்கியில் கை வைத்தார். நான் காத்திருந்தேன்.

"நீங்க மொதல்ல எடுங்கண்ணா" என்றார்.

எடுத்தேன். கூரை கோணிக்கொண்டு நின்றது. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் சட்டென்று நிறுத்தி உள்ளே போய்விட்டார்.

அந்தியூருக்குப் போகவில்லை. ஜீப் இப்போது என் வீட்டு வேப்பமரத்தடியில் நிற்கிறது. அவர் மிச்சம் வைத்துப் போனதில் எனக்கு வாய்த்தது இடப்பக்கக் கொக்கியும், "வாங்க" என்ற ஒரு சொல்லும். தினம் காலையில் கொக்கியில் கை வைத்து நிற்கிறேன். என் "வாங்க"வுக்கு முன்னால் வர வேண்டிய சொல் அவருடையது.