நாளைய சீட்டு

எங்கள் விடுதியின் முன்மேசையில் உட்கார்ந்திருப்பவருக்குச் சீட்டுக்காரர் என்று பெயர் விழுந்து பதினாறு வருஷம் ஆகிறது. புதிதாக வருகிறவர்கள் அவர் ஏதோ மாதச் சீட்டுப் பிடிக்கிறார் என்று நினைத்துக் கொஞ்சம் தள்ளியே நிற்பார்கள். அப்படி இல்லை. தங்க வருகிறவர்களுக்கு எங்கே போகலாம், என்ன பார்க்கலாம், எந்தக் கடையில் வயிறு கெடாமல் சாப்பிடலாம் என்று துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பார். அதுதான் சீட்டு.

எழுதுவதற்கு முன் ஒவ்வொரு கடையிலும் தன் காசில் சாப்பிட்டுப் பார்த்துவிடுவார். முதலாளி உபசாரமாகப் போட்டால் எழுந்து வந்துவிடுவார். "ஓசியில தின்னுட்டு, உப்பு கம்மின்னு எப்படித் தங்கச்சி எழுதுறது?" என்பார் என்னிடம். கடற்கரையில் மீன் வறுத்து விற்கும் அக்காவைப் பற்றி ஒருமுறை, "மீன் புதுசு, காரம் அதிகம், பிள்ளைகளுக்குச் சொல்லி வாங்கவும்" என்று எழுதிவிட்டார். அந்த அக்கா ஆறு மாதம் அவர் முகத்தில் விழிக்கவில்லை. ஏழாம் மாதம் காரத்தைக் குறைத்துக்கொண்டார்.

அவர் போகாத இடம் ஒன்றே ஒன்று. கடலுக்குள் ஒரு பாறைத் தீவு, அதன்மேல் பழைய கலங்கரை விளக்கம். தண்ணீர் வற்றும்போது கரையிலிருந்து அதுவரை ஒரு மணல் வழி தெரியும். கால் மணி நேர நடை. தண்ணீர் ஏறினால் வழி மூடிக்கொள்ளும், இரண்டு பக்கத்து நீரும் ஆளை இழுக்கும். சீட்டுக்காரருக்கு நீச்சல் தெரியாது. முட்டிக்கு மேல் தண்ணீர் என்றாலே அவருக்கு மூச்சு முட்டும். ஆனால் வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது அந்த இடத்தைத்தான். அதனால் துறைமுகத்து அட்டவணையைப் பார்த்து, எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்று சீட்டில் கொட்டை எழுத்தில் எழுதிவிடுவார். அந்த நேரம் நாளுக்கு நாள் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளிப் போகும். நாளைக்கு உள்ள நேரம் இன்றைக்கு ஆகாது.

காலையில் கூட்டம் நெரியும் என்று மறுநாள் சீட்டுகளை முந்தின நாளே எழுதி வைத்துவிடுவார். மேசையில் இரண்டு கண்ணாடி டம்ளர். டெலிபோன் பக்கத்தில் இருப்பது இன்றைக்கு, ஜன்னல் பக்கத்தில் இருப்பது நாளைக்கு. சீட்டில் தேதி போடமாட்டார். டம்ளர் இருக்கும் இடம்தான் தேதி.

அந்த மேசையைத் துடைக்கிறவள் நான்.

அன்று மத்தியானம் ஒரு பெரியவரும் அவர் மகளும் வந்து இறங்கினார்கள். பெரியவருக்கு முட்டிவலி, கையில் தடி. அவர்தான் கலங்கரை விளக்கம் பார்க்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"அப்பாவால நடக்க முடியுங்களா?" என்று மகள் கேட்டாள்.

"மெதுவா போனா அரை மணி நேரம்மா. மேல உக்காந்து காத்து வாங்கிட்டு வாங்க. சீட்டுல போட்டிருக்கிற நேரத்துக்குள்ள இந்தப் பக்கம் வந்துடணும், அது மட்டும் முக்கியம்" என்று டெலிபோன் பக்கத்து டம்ளரிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ரெண்டே முக்காலுக்குக் கிளம்பிப் போனார்கள்.

நாலு இருபதுக்கு மாடி அறைக்காரர் வந்து நாளைக்குச் சீட்டுக் கேட்டார். ஜன்னல் பக்கம் கை நீட்டி ஒன்றை எடுத்த சீட்டுக்காரர், கொடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, காலையில மேசையில எதாச்சும் எடுத்தியா?"

காலையில் யாரோ தேநீரைக் கொட்டிவிட, இரண்டு டம்ளரையும் தூக்கித் துடைத்துவிட்டுத் திரும்ப வைத்தேன். எதை எங்கே வைத்தேன் என்று பார்க்கவில்லை.

"வழி மூடுறது நாலே முக்காலுக்கு. அவங்க கையில அஞ்சு முப்பத்தஞ்சுன்னு இருக்கு" என்றார்.

பதிவேட்டில் இருந்த நம்பருக்கு அடித்தார். கிடைக்கவில்லை. மறுபடி அடித்தார். பாறை மேல் போன் எடுக்காது என்று அவரே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். ஸ்கூட்டரை எடுத்தார், நான் கேட்காமலே பின்னால் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் கடவுளே கடவுளே என்பதைத் தவிர என் வாயில் வேறு எதுவும் வரவில்லை.

கரையில் மணல் வழி ஒரு கயிறு மாதிரி மெலிந்து கிடந்தது. நடுவில் ஓர் இடத்தில் ஏற்கெனவே தண்ணீர் பளபளத்தது.

"படகு இருக்கா அக்கா?" என்று கேட்டார் சீட்டுக்காரர்.

"ஒண்ணும் இல்ல. ஆறு மணிக்கு மேலதான் வரும்" என்றார் மீன்கடை அக்கா. விஷயம் தெரிந்ததும் தலைத்துண்டை அவிழ்த்துத் தீவைப் பார்த்து ஆட்டினார்.

"ஐயோ, ஆட்டாதீங்க! கூப்பிடுறோம்னு நினைச்சு இறங்கிடுவாங்க." சீட்டுக்காரர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். "அங்கேயே இருந்தா ஒண்ணும் ஆகாது. என் எழுத்தை நம்பி இறங்குவாங்களே, அதுதான். தண்ணி ஏறுறதப் பாத்தாலும், இன்னும் நேரம் இருக்கேன்னு கால வச்சிடுவாங்க."

செருப்பைக் கழற்றினார். கைக்கடிகாரத்தையும் போனையும் என் கையில் திணித்தார்.

"அண்ணே, உங்களுக்கு நீச்சல்..."

"போயி நிறுத்தணும், அவ்வளவுதான். திரும்பி வரப்போறதில்ல, அங்கேயே இருந்துக்குவேன்."

ஓடினார். ஐம்பத்திரண்டு வயது ஆள் மணலில் ஓடுவது ஓட்டமாகவே தெரியவில்லை. கணுக்கால், பிறகு முட்டி. நடுவழியில் தொடை வரை வந்தபோது நின்றுவிட்டார். இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்துக்கொண்டு, முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் நின்றார். கடிகாரத்தில் முள் ஓடுவது என் உள்ளங்கையில் தெரிந்தது. ஆண்டவனே, என் கைத் தப்புக்கு அவர் உயிரை எடுத்துக்கொள்ளாதே என்று வாய்விட்டே சொன்னேன்.

அப்போதுதான் தீவின் படிக்கட்டில் மஞ்சள் நிறம் தெரிந்தது. அந்தப் பெண்ணின் உடுப்பு. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தாள். பெரியவர் தடியைத் தண்ணீரில் ஊன்றி ஆழம் பார்த்தார்.

சீட்டுக்காரரும் பார்த்திருக்க வேண்டும். ஒரேயடியாக முன்னால் பாய்ந்தார். விழுந்தார். தலை மறைந்தது. மீன்கடை அக்கா என் தோளைப் பிடித்த பிடியில் ஒரு வாரம் தடம் இருந்தது. தலை மறுபடி மேலே வந்தது. அவர் என்ன கத்தினாரோ, காற்றில் எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பெண் நின்றுவிட்டாள். பெரியவர் தடியை மேலே எடுத்தார். பிறகு அவர்தான் அந்தத் தடியை நீட்டி இவரைப் பிடித்து இழுத்தார். மூன்று பேரும் படியில் ஏறுவது எறும்பு ஏறுகிற மாதிரி தெரிந்தது.

ஐந்து முப்பத்தைந்துக்குக் கடிகாரத்தைப் பார்த்தேன். மணல் வழி இருந்த இடத்தில் அலை புரண்டுகொண்டிருந்தது.

ஆறேகாலுக்கு வந்த முதல் படகுதான் அவர்களைக் கூட்டிவந்தது. இறங்கியதும் அந்தப் பெண் சீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டாள். "எங்கப்பாவக் கொன்னிருப்பீங்க! ஒரு நேரத்தைச் சரியா எழுதத் தெரியாதா உங்களுக்கு?"

"தப்பு என்னுதும்மா. தேதி போட்டிருக்கணும்" என்றார் சீட்டுக்காரர். ஈர உடுப்பில் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. என் பெயரையே எடுக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"இல்லம்மா, டம்ளரை மாத்தி வச்சது நான்" என்றேன்.

"நீ சும்மா இரு தங்கச்சி."

"இல்லண்ணே, நான்தானே துடைச்சேன்."

அந்தப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் இப்படிப் போட்டி போட்டா நான் யாரத்தான் திட்டுறது?" குரல் உடைந்து அழ ஆரம்பித்தாள்.

பெரியவர் அவள் முதுகைத் தட்டினார். "பசிக்குதும்மா. சாப்பிட்டுட்டு ரெண்டு பேரையும் திட்டலாம்."

மீன்கடை அக்கா பெஞ்சைத் துடைத்துப் போட்டார். சொன்னபடியே அந்தப் பெண் சாப்பிட்டுக்கொண்டே திட்டினாள். சீட்டுக்காரர் தலை குனிந்து நின்று அத்தனையும் கேட்டுக்கொண்டார். உடம்பு இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. திட்டித் திட்டி அவளுக்கே வாய் ஓய்ந்தது. தன் பையிலிருந்த துண்டை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"தலையத் தொடைங்க" என்றாள். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பெஞ்சில் இடம் விட்டாள். "உக்காருங்க. மீன் ஆறுது."