அடுப்பும் அதிகாரியும்

வக்கீல் தொழிலில் வாய் நம்முடையது, அர்த்தம் சர்க்காருடையது. எண்பதுகளில் தாம்பரத்திலிருந்து ரயிலில் தொங்கிக்கொண்டு ஹைகோர்ட்டுக்குப் போய் சர்க்காரோடு மோதிய என் இனத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எது குடும்பம்?

அனகாபுத்தூர் சரோஜாவின் கணவர் இறந்ததும், புகுந்த வீட்டார் அதே வீட்டில் தட்டி கட்டி மறைத்து அவளைத் தனியே சமைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். ரேஷன் கார்டு கணவரின் அண்ணன் கையில். அரிசியோ மண்ணெண்ணெயோ தட்டிக்கு இந்தப் பக்கம் வராது. இரண்டு குழந்தைகளுக்கும் பல நாள் வெறும் கஞ்சிதான். தனி கார்டு கேட்டால், "ஒரே கதவு எண், ஒரே குடும்பம்" என்றார் ரேஷன் அதிகாரி. விதியில் "குடும்பம்" என்று மட்டும்தான் இருந்தது.

ஹைகோர்ட்டில் அவளுக்காக வழக்குப் போட்டு, தனிச் சமையல் என்றால் தனிக் குடும்பம் என்று தொண்டை வறளப் பேசினேன். "சட்டம் தெளிவாக இல்லாதபோது, தினமும் அந்த வேலையைப் பார்க்கும் துறை சொல்லும் அர்த்தத்தில் நான் தலையிட மாட்டேன். அதிகாரி வேண்டுமானால் நேரில் பார்த்து மறுபடி முடிவெடுக்கட்டும்" என்று முடித்துவிட்டார் நீதிபதி. வராந்தாவில் சரோஜா கேட்டாள்: "அவரு சொல்றதுதான் சட்டம்னா, நீ இன்னாத்துக்கு சார் கறுப்பு கோட்டு போட்டுக்கினு வந்தே?"

மத்தியான விஜயம்

அதிகாரி உண்மையிலேயே வந்தார். வருவார் என்று நான் நினைக்கவில்லை. வியர்வையைத் துடைத்தபடி சந்துக்குள் நுழைந்தபோது சாப்பாட்டு வேளை. தட்டிக்கு அந்தப் பக்கம் மீன் குழம்பு கொதித்தது. இந்தப் பக்கம் குழந்தைகள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பசங்களுக்கும் கொஞ்சம் ஊத்துவீங்கல்ல?" என்று அண்ணன் மனைவியைச் சாதாரணமாகத்தான் கேட்டார். அந்த அம்மாளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது: "அது எதுக்கு சார்? அவ அடுப்பு வேற, எங்க அடுப்பு வேற!"

மறுபடியும் கோர்ட்

தனி அடுப்பு, தனிக் குடும்பம் என்று எழுதி, சரோஜாவுக்குக் கார்டு கொடுத்துவிட்டார் அதிகாரி. அண்ணன்காரர் விடுவாரா? அதிகாரி சொன்ன அர்த்தமே தப்பு என்று வழக்குப் போட்டார். அதே நீதிபதி. வந்த கார்டு போய்விடுமோ என்று கேஸ் கட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தேன். எதிர்த்தரப்பு வக்கீல் பேசி முடித்ததும் நான் எழுந்தேன். "உட்காருங்கள். துறை சொல்லும் அர்த்தத்தில் நான் தலையிட மாட்டேன்" என்றார் நீதிபதி. முன்பு ரயிலில் வீடு வரை நான் திட்டிக்கொண்டே வந்த அதே வாக்கியம். கண் கலங்கிவிட்டது.

சரோஜா கும்பிட்டாள். "இந்த தபா நீ வாயே தொறக்கல, கேஸு கெலிச்சிட்ச்சு. இனிமே இப்படியே இரு சார்!"

அந்த அதிகாரிக்கும் நீதிபதிக்கும் என் நன்றி என்றைக்கும் உண்டு. எனக்கு நானே நன்றி சொல்லிக்கொள்ளத்தான் காரணம் ஒன்றும் அகப்படவில்லை.