செவ்வாய்க்கிழமை வந்த தைராய்டு

போன செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு எனக்குத் தைராய்டு வந்தது. வெள்ளிக்கிழமை மதியம் போய்விட்டது. மருந்து, பத்தியம், வேண்டுதல் எதுவும் கிடையாது. நம்ப முடியவில்லை அல்லவா? எனக்கும்தான்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் எனக்கு வேலை. நான் டாக்டர் இல்லை. ஊசி குத்தி ரத்தம் எடுப்பவனும் இல்லை. எடுத்த ரத்தம் என்ன சொல்கிறது என்று பார்த்து, ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிறவன். சரியாக இருந்தால் பேர் டாக்டருக்கு, தப்பாக இருந்தால் பழி எனக்கு... சரி, அதை விடுங்கள்.

அன்று கோமதி என்ற பெண்ணின் ரத்தம் வந்தது. (பெயரை மாற்றியிருக்கிறேன்.) ஊர் ஜலகண்டாபுரம். வீட்டில் நாலு தறி. புருஷனும் பெண்டாட்டியுமாக ஓட்டுகிறார்கள். கல்யாணமாகி ஏழு வருஷம், குழந்தை இல்லை. அதற்கான சிகிச்சையை அடுத்த திங்கட்கிழமை ஆரம்பிப்பதாக டாக்டரம்மா நாள் சொல்லியிருந்தார். அதற்கு முன் ஒரு தைராய்டு டெஸ்ட். சும்மா ஒரு சம்பிரதாயம்.

மூன்று மாதத்துக்கு முன் எடுத்ததில் எல்லாம் நார்மல். இப்போதோ, சுரப்பி பிரேக் இல்லாத லாரி மாதிரி ஓடுகிறது என்கிறது மெஷின்!

இப்படி ஒரு ரிப்போர்ட் வருகிறவருக்குக் கை நடுங்க வேண்டும், உடம்பு இளைத்திருக்க வேண்டும். எழுந்து போய்ப் பார்த்தேன். கோமதி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, நிதானமாக எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“படபடப்பு ஏதாச்சும் இருக்குதாம்மா?”

“இல்லைங்க சார்.”

“தூக்கம்?”

“தறிச் சத்தத்துலயே தூங்குவனுங்க.”

“உடம்பு இளைச்சிருக்கா?”

பக்கத்திலிருந்த கணவர் சிரித்துவிட்டார். “ரெண்டு கிலோ கூடிருச்சுங்க.”

“மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?”

“ஒண்ணும் இல்லைங்க.”

திரும்ப வந்து மறுபடி ஓட்டினேன். அதே ரிசல்ட். மெஷினைச் சோதிக்கவென்றே விடை தெரிந்த சாம்பிள் ஒன்று வைத்திருப்போம். அதை ஓட்டினால், சரியாகச் சொல்கிறது. பிறகுதான், லேப்காரர்கள் பலரும் செய்கிற, ஆனால் யாரும் வெளியே சொல்லாத காரியத்தைச் செய்தேன். என் ரத்தத்தையே எடுத்து வைத்தேன். பதினெட்டு வருஷமாக என் ரத்தம் நார்மல். எங்கள் லேபுக்கு அது ஓர் எடைக்கல் மாதிரி.

மல்லிகா எங்கள் சீனியர் டெக்னீஷியன், சங்ககிரிக்காரர். எதையும் சுற்றி வளைக்க மாட்டார்.

“சார், உங்களுக்கும் வந்துருச்சுங்க.”

உடனே எனக்கு நெஞ்சு படபடத்தது. கை லேசாக நடுங்கியது. அட, அறிகுறியெல்லாம் கச்சிதமாக இருக்கிறதே!

மல்லிகாவின் ரத்தத்தை ஓட்டினோம். நார்மல். மெஷின் கெட்டிருந்தால் மூன்று பேருக்கும் அல்லவா கெட்டிருக்க வேண்டும்? சரியாக இருக்கிறது என்றால், தெம்பாக நடமாடுகிற இரண்டு பேருக்கு இது எப்படி? தண்ணீரா? உப்பா? எனக்கும் ஜலகண்டாபுரத்துக்கும் என்ன சம்பந்தம்? தலை சுற்றியது. அதுவும் அறிகுறியோ என்னவோ...

டாக்டரம்மா போன் செய்தார். “தைராய்டு இப்படின்னா திங்கட்கிழமை ஆரம்பிக்க முடியாது. முதல்ல அதுக்கு மாத்திரை குடுக்கணும். ரிப்போர்ட்டை அனுப்பறீங்களா இல்லையா?”

போனை வைத்தால், லேப் ஜன்னலில் கோமதி நிற்கிறார். பாதி கேட்டிருக்கும்.

“தள்ளிப் போகுங்களா சார்? எத்தனை மாசமுங்க?”

ஏழு வருஷம் காத்திருந்தவர் கேட்கிற கேள்வி. இல்லாத நோய்க்கு இந்தப் பெண்ணை மாத்திரை சாப்பிட வைத்துவிட்டால்? இருக்கிற நோயை நான் இல்லை என்று சொல்லிவிட்டால்? உண்மையைச் சொல்கிறேன், பயந்துபோனேன். கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடினேன்.

என் சாம்பிளுக்கும் முறைப்படி படிவம் நிரப்ப வந்தார் மல்லிகா.

“சார், மாத்திரை ஏதாச்சும் சாப்புடறீங்களா?”

“இல்லையே.”

“அப்ப ட்ராயருக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கற டப்பா?”

“அது மாத்திரை இல்லைம்மா. அது வந்து... முடிக்கு.”

சொல்லி முடிப்பதற்குள் உறைத்துவிட்டது. முடி வளர விற்கிற மாத்திரைகளில் பயோட்டின் என்ற வைட்டமின் எக்கச்சக்கமாக இருக்கும். எங்கள் மெஷினும் அதே பயோட்டினைக் கொக்கியாக வைத்துத்தான் ஹார்மோனைப் பிடித்து அளக்கிறது. ரத்தத்திலேயே அது கொட்டிக் கிடந்தால் மெஷின் குழம்பிப்போகும். இல்லாத நோயை இருப்பதாகச் சொல்லும். இது எனக்குத் தெரியாதா? பயிற்சி வகுப்பில் நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வெட்கக்கேடு!

ஜன்னலுக்கு ஓடினேன். “முடிக்கு ஏதாவது சாப்பிடறீங்களாம்மா?”

“அதுங்களா? பக்கத்து ஊட்டு அக்கா சொல்லி ரெண்டு மாசமா காலைல ஒண்ணு போட்டுக்கறனுங்க. அதெல்லாம் மாத்திரைல சேருங்களா சார்?”

அவர் பொய் சொல்லவில்லை. நானும்தான். நோய்க்குச் சாப்பிட்டால்தான் நமக்கு அது மாத்திரை. அழகுக்குச் சாப்பிடுவது நமக்கும் கண்ணாடிக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

முடி மாத்திரையை நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் பார்க்க, டாக்டரம்மாவிடம் மூன்று நாள் அவகாசம் கேட்டேன். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றார். சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. மற்றவர்களிடம் சொல்கிற வேலையை மல்லிகா எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வரை எனக்கு நிம்மதி இல்லை. ஒருவேளை நிஜமாகவே நோய் என்றால்? அன்று கோமதியின் ரத்தமும் என் ரத்தமும் பக்கத்துப் பக்கத்தில் உள்ளே போயின. இரண்டும் நார்மல். இந்த முறை கையெழுத்துப் போட ஒரு நொடிகூட ஆகவில்லை. திங்கட்கிழமை சொன்னபடியே சிகிச்சை ஆரம்பம் என்று தெரிந்ததும், கோமதியின் கணவர் ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டார். கோமதி கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “அப்ப நீங்களும் நிறுத்திட்டீங்களாங்க சார்?”

நிறுத்திவிட்டேன். எங்கள் படிவத்தில் ஒரு கேள்வியும் சேர்த்துவிட்டோம்: முடிக்கு ஏதாவது சாப்பிடுகிறீர்களா? தண்டனையோ என்னவோ, அதைக் கேட்கிற வேலை எனக்கு. கேட்டதும் எல்லோரும் என் தலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ரொம்ப இரக்கத்தோடு சொல்கிறார்கள்: “நல்ல எண்ணெய் ஒண்ணு இருக்குதுங்க சார்... சொல்லட்டுங்களா?”