ஒழுகாத பைப்

நாங்கள் கொழும்புக்குக் குடிபோனபோது எனக்கு எட்டு வயது. தூத்துக்குடியில் கப்பல் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த அப்பாவைக் கொழும்பு அலுவலகத்துக்கு மாற்றியிருந்தார்கள். வந்து ஒரு மாதமாகியும் வீடு அமையவில்லை. ஓட்டல் அறையில் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு அம்மா ஒரு நாள், "அடுத்த வீடும் இல்லேன்னா நான் பிள்ளையக் கூட்டிக்கிட்டு ஊருக்குப் போயிருதேன். நீங்க இங்கனயே கப்பலப் பாத்துக்கிட்டு இருங்க" என்று சொல்லிவிட்டாள். கோபத்தில் சொன்னதைக் கோபம் ஆறிய பிறகும் செய்கிறவள் அவள். அப்பாவுக்குப் பயம் வந்துவிட்டது.

அடுத்த வீடு வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்குகிற ஒரு சந்தில், அங்கத்துப் பேச்சில் ஒழுங்கையில், இருந்தது. வீட்டுக்காரர்கள் கீழே, நாங்கள் மாடியில். பால்கனியில் நின்றால் ரயிலும் அதற்குப் பின்னால் கடலும் தெரியும். அம்மாவுக்குப் பார்த்த உடனே பிடித்துவிட்டது. நெற்றி நிறைய விபூதியோடு வீட்டுக்கார ஐயா முன் விறாந்தையில் நாற்காலியில் சாய்ந்திருந்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எங்கட வீட்டில மச்சம் சமைக்கிறதில்ல. மேலயும் சமைக்கக் கூடாது. நீங்கள் மரக்கறிதானே?"

மீன், இறைச்சி எல்லாவற்றுக்கும் சேர்த்து அங்கே மச்சம் என்று பெயர். மீன் இல்லாத நாளில் கருவாட்டையாவது கண்ணில் காட்டச் சொல்கிற என் அப்பா, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "சுத்த மரக்கறி" என்றார். அம்மா தரையைப் பார்த்தாள். வீட்டுக்கார ஆன்ட்டி ஐயாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சில வாரங்கள் சாம்பாரும் ரசமுமாகக் கழிந்தன. ஊரிலிருந்து புடவைகளுக்குள் சுற்றிக் கொண்டுவந்த மீன் சட்டி அலமாரிக்கு மேலே கிடந்தது. அம்மாவுக்குப் பேச ஆளில்லை. அவள் வாயைத் திறந்ததுமே கடைக்காரர்கள் "இந்தியாவோ?" என்று கேட்பார்கள், அதோடு பேச்சு முடிந்துவிடும். பெட்டிகளில் பாதியை அவள் இன்னும் பிரிக்கவே இல்லை. அதைப் பார்த்துத்தானோ என்னவோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது பைக்குள் சீலா மீன் இருந்தது. அந்தப் பை அதற்குப் பிறகு எந்த லேப்டாப்புக்கும் உதவவில்லை.

ஜன்னல்களைச் சாத்தி, ஊதுபத்தி ஏற்றி, திருட்டு வேலை செய்கிற மாதிரி அம்மா குழம்பு வைத்தாள். நாங்கள் மூவரும் பேசாமல் சாப்பிட்டோம். சந்தோஷத்தில்தான் பேசவில்லை.

கொழும்புக் காகங்களைப் பற்றி மட்டும் எங்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பால்கனியில் கட்டி வைத்திருந்த குப்பைப் பையை ஒரு காகம் கிழித்து, நடு முள்ளை முழுசாகத் தூக்கிக்கொண்டு பறந்து, பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஐயாவின் காலடியில் போட்டது. அவர் முள்ளைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து மேலே பார்த்தார். நான் சட்டென்று கைப்பிடிச் சுவருக்குக் கீழே உட்கார்ந்துவிட்டேன். "காகம் எங்கயிருந்தோ தூக்கிக்கொண்டு வந்திட்டுது" என்று ஆன்ட்டியின் குரல் கேட்டது. விளக்குமாற்றுச் சத்தம் கேட்டது. ஐயா பேப்பரைப் புரட்டுகிற சத்தமும் கேட்டது.

சாயங்காலம் ஐயா கோயிலுக்குப் போன கையோடு எங்கள் வீட்டு மணி அடித்தது. "போச்சு, வீடு போச்சு" என்றாள் அம்மா. கதவைத் திறந்தால் ஆன்ட்டி.

"மேல பைப் ஒழுகுது போல. பார்க்க வந்தனான்."

பார்த்ததெல்லாம் அடுப்படியைத்தான். நேராகப் போய்ச் சட்டியின் மூடியைத் திறந்தார்.

"மத்தியானம் வச்சதோ? இப்ப புளி நல்லா ஊறியிருக்கும். கொஞ்சம் சோறு போடுங்கோ, தங்கச்சி."

அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். முள்ளை எடுக்கிற கை பழகிய கையாக இருந்தது. "நான் பிறந்த வீடு கொட்டாஞ்சேனையில. அப்பா ஹார்பரில வேலை செஞ்சவர். ஞாயிறு பூசை முடிஞ்சு வந்தா மீன் குழம்புதான். இவரை விரும்பித்தான் கட்டினன். சேர்ச்சையும் மச்சத்தையும் விட்டிட்டு வா எண்டு மாமி சொன்னா. விட்டிட்டு வந்தனான்."

"ஆசையா இருக்காதாக்கா?" என்று அம்மா கேட்டாள்.

"ஞாயிற்றுக்கிழமையில மட்டும்" என்று ஆன்ட்டி சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. மீன் தலையை எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.

எங்கள் வீட்டில் மீன் தலை எனக்குரியது. பிறந்ததிலிருந்து அப்படித்தான். ராத்திரிக்கென்று எடுத்து வைத்திருந்த தலையை ஆன்ட்டி ஒரு துணுக்கு மிச்சமில்லாமல் உறிஞ்சி முடித்ததை நான் கதவோரம் நின்று பார்த்தேன். எனக்கு அழுகையாக வந்தது.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் பைப் ஒழுகியது. ஐயா வாசற்படி இறங்கினால் ஆன்ட்டி மாடிப்படி ஏறுவார். அடுப்படியில் இருவரும் பேசுவதும் சிரிப்பதும் கேட்கும். பெட்டிகள் எல்லாம் எப்போதோ காலியாகியிருந்தன. ஊருக்குப் போகிற பேச்சையே அம்மா மறந்துவிட்டாள். எனக்கு அதெல்லாம் கணக்கில்லை. தலை போய்க்கொண்டிருந்தது.

ஒரு நாள் ஸ்கூல் வேனிலிருந்து இறங்கி வந்தபோது ஐயா விறாந்தையிலிருந்து கூப்பிட்டார்.

"பிள்ளை, மேல பைப் இன்னும் ஒழுகுதோ?"

இதற்காகத்தான் காத்திருந்தேன். வீடு போய்விடும் என்பதுகூட அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. "பைப்பெல்லாம் ஒழுகல, அங்கிள். ஆன்ட்டி எங்க வீட்டுக்கு வந்து..." என்று ஆரம்பித்தேன்.

ஐயா கையைத் தூக்கினார். "ஒழுகும், பிள்ளை. பழைய பைப். ஒழுகத்தான் செய்யும்."

பேப்பரை மடித்து மடியில் வைத்தார்.

"ஞாயிற்றுக்கிழமையில கோயிலில சனம் அதிகம். இனி நான் திரும்பி வர எட்டு மணியாகும் எண்டு அம்மாட்டச் சொல்லுங்கோ. ஆன்ட்டி அவசரமில்லாம ஆறுதலா இருந்து பைப்பைப் பார்க்கட்டும்."

மேலே போய் அம்மாவிடம் அப்படியே சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஏன் அழுகிறாள் என்று கேட்டதற்குச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா இரண்டு தலை வாங்கி வந்தார். ஒன்று எனக்கு வந்தது, அதோடு என் வழக்கு முடிந்தது.

ஒன்றுதான் உறுத்திக்கொண்டே இருந்தது. நாங்களும் போகிற கோயில்தான் அது. வெள்ளிக்கிழமை நிற்க இடமிருக்காது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐயரையும் ஐயாவையும் விட்டால் ஆளே இருக்காது. அவ்வளவு விபூதி பூசுகிற மனிதர் ஒரு சின்னப் பிள்ளையிடம் எதற்காக இப்படிப் பொய் சொன்னார் என்று எனக்கு அப்போது விளங்கவே இல்லை.